மூலம் நட்சத்திரத்துக்கு ஒரு வெடி

“அய்யோ...!”

அலறல் கேட்டது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பனங்கரை பகவதி அம்மன் கோயிலில் மாசிக் கொடைத் திருவிழா நடக்கும்போது ஓர் அலறலுக்கெல்லாம் திரும்பினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். மைக் அலறும். வெடி அலறும். சாமி வந்து ஆடுகிறவர்கள் அலறுவார்கள். பிள்ளையைத் தொலைத்த அம்மாக்கள் இவர்கள் எல்லாரையும்விட நன்றாக அலறுவார்கள்.

ஆனால் இந்த அலறல் கோயிலில் இருந்து வரவில்லை.

கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு லாட்ஜ். அதன் மாடி அறை வாசலில் ஓர் இளம்பெண் நின்றாள். கடலில் குளித்த ஈரம் சேலையில் சொட்டியது.

பெயர் அபினா. நர்ஸ். நாளை மாலை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி அயர்லாந்துக்கு வேலைக்குப் போகிறவள். போகும் முன் அம்மனுக்கு இருமுடி கட்டி வந்திருந்தாள்.

அறைக்குள்ளே...

அவள் கணவன் ஸ்ரீஜித் தரையில் கிடந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

அபினா ஒரே ஒரு தடவைதான் அலறினாள். அதற்குள் அவளிடம் இருந்த மனைவியை நர்ஸ் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இருந்தது. சட்டையைக் கிழித்தாள். இடது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே காயம். துண்டை இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றது.

அதற்குள் வாசலில் கூட்டம்.

ஸ்ரீஜித் கண்ணைத் திறந்தான். கூட்டத்தைப் பார்த்தான். நல்ல கையைத் தூக்கி அபினாவை நோக்கி நீட்டினான்.

“இவதான்... இவதான் என்னைச் சுட்டா...”

சொல்லிவிட்டு மறுபடியும் மயங்கினான்.

அபினா கட்டிய துண்டின் முடிச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

* * *

சப் இன்ஸ்பெக்டர் லீமா அப்போது மண்டையப்பம் தின்றுகொண்டிருந்தாள்.

லீமா கடற்கரை ஊர்க்காரி. மாதா கோயில் பிள்ளை. ஆனால் தலைவலி வந்தால் பனங்கரை அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்வது அவள் வீட்டிலும் உண்டு. கொடை பந்தோபஸ்துக்கு வந்ததில் இருந்து அவளுக்குத் தலைவலி. அதனால் அப்பமும் தொடர்ந்து உள்ளே போனது.

“மேடம், லாட்ஜுல ஒருத்தனைச் சுட்டுப்போட்டாவ.” ஏட்டு சுயம்புராஜ் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“செத்துட்டானா?”

“இல்ல. பேசுகான்.”

“அப்ப நல்லது. ஓடுங்க ஏட்டையா.”

ஓடினார்கள். கூட்டத்தில் ஓடுவது என்றால் இடித்துக்கொண்டு நடப்பது. பூமிக்குள் இருந்து தானாக எழும்பிய புற்றுதான் இங்கே அம்மன். சந்தனம் பூசிய அந்தப் புற்றைப் பார்க்கக் கேரளத்தில் இருந்தும் தலையில் இருமுடியோடு பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ‘அம்மே சரணம், தேவி சரணம்’ என்ற சத்தத்துக்கு நடுவே போலீஸ் விசில் யாருக்குக் கேட்கும்?

ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் ஸ்ரீஜித்துக்கு முழு நினைவு வந்திருந்தது.

“என்ன நடந்துது?” லீமா குனிந்து கேட்டாள்.

“நான் ஜன்னல்கிட்ட நின்னேன் மேடம். மைக்கில ‘அபினா பேரில் வெடி’ன்னு சொன்னாவ. திரும்பிப் பாத்தா வாசல்ல இவ நிக்கா. கையில துப்பாக்கி. அங்க வெடி வெடிச்சுது... இங்க சுட்டுட்டா.”

“வாசல்ல நின்னுட்டா?”

“ஆமா மேடம். வெடிச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சேதான் பண்ணியிருக்கா.”

அது உண்மைதான். ஒருவருக்கும் கேட்கவில்லை.

பனங்கரையில் வெடி வழிபாடு என்பது பெரிய காரியம். கவுண்டரில் பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும். மைக்கில் அதை அறிவிப்பார்கள். அறிவித்த உடனே, தென்னந்தோப்பில் இரும்புக் குழாயில் மருந்து இடித்து வைத்திருப்பவர் நெருப்பு வைப்பார். காது அடைக்கும். வேண்டுதல் அம்மன் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தில் பீரங்கி சுட்டாலும் பக்கத்து அறைக்காரன் புரண்டுதான் படுப்பான்.

“மேடம், இதைப் பாருங்க...”

சுயம்புராஜ் விரலை நீட்டிக் காட்டினார். அறையின் மூலையில் முக்காலி மேல் அபினாவின் இருமுடி இருந்தது. அதன் ஒரு பக்க முடிச்சு அவிழ்ந்து, அரிசிக்கும் தேங்காய்க்கும் நடுவே கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது.

சின்ன நாட்டுத் துப்பாக்கி.

“அம்மே...” சுயம்புராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இருமுடிக்குள்ள துப்பாக்கி வச்சிருக்கா மேடம். இவ உருப்படுவாளா?”

வாசலில் ஒரு கனத்த குரல் கேட்டது.

“எனக்க சட்டை அந்த ரூமுக்குள்ள கெடக்கு. எப்ப எடுக்கலாம்?”

ஸ்ரீஜித்தின் அப்பா மாதவன். எழுபது வயது. தேக்குத் தடி மாதிரி உடம்பு. மகன் ஸ்ட்ரெச்சரில் போகிறான், மனிதருக்குச் சட்டைக் கவலை.

“ஏட்டி தங்கம்மை! எங்க தொலைஞ்ச? சாயா வாங்கிட்டு வான்னு எப்பச் சொன்னேன்?”

சாயா கிளாஸோடு படியேறி வந்த தங்கம்மை மகனைப் பார்த்ததும் கிளாஸைத் தவறவிட்டாள். மகன் பின்னாலேயே ஓடி ஆம்புலன்ஸில் ஏறினாள்.

மாதவன் உடைந்த கிளாஸைப் பார்த்தார்.

“இனி சாயாவுக்கு யாரு போவா?” என்று கேட்டுவிட்டு அவரும் ஏறினார்.

* * *

கோயில் புறக்காவல் நிலையம் என்பது ஒரு ஓலைப்பந்தல், ஒரு மேசை, மூன்று நாற்காலி.

அபினா ஒரு நாற்காலியில் இருந்தாள். சேலை பாதி காய்ந்திருந்தது.

“நான் சுடல்ல மேடம். கடல்ல நின்னேன்.”

“யாரு கூட?”

“அத்தை கூட வந்தாவ. நீ போய்க் குளி மக்களே, நான் எண்ணெய் வாங்கிட்டு வாறேன்னு பாதியில போயிட்டாவ. நான் ஒத்தைக்குத்தான் குளிச்சேன்.”

“பாத்தவங்க?”

“கடல் நெறைய பொம்பளைங்க. எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அவங்களுக்கும் என்னைத் தெரியாது.”

“உன் பேர்ல வெடி போட்டது யாரு?”

“தெரியாது. நான் போடல்ல.”

லீமாவின் போன் அடித்தது. டி.எஸ்.பி.

“லீமா, துப்பாக்கி கெடச்சாச்சு. புருஷன் சொல்லியாச்சு. இன்னும் என்ன வச்சு விளையாடுறீங்க? சாயங்காலத்துக்குள்ள ரிமாண்ட் பண்ணுங்க.”

“சார், ஒரு சந்தேகம்...”

“சந்தேகத்தை நாளைக்குப் படுங்க.”

வைத்துவிட்டார்.

அபினாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அழவில்லை. மேசை மேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“கேஸ் வந்தா பாஸ்போர்ட்டைப் புடிச்சு வச்சிருவாங்க இல்லியா மேடம்?”

“ஆமா.”

“அப்ப என் வேலை போச்சு. இதுக்கு நான் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிச்சப்போ என்னைக் கெட்டுன மனுசன் புத்தகத்தை அடுப்புல போட்டாரு. மறுபடி வாங்குனேன். மறுபடி போட்டாரு. அப்புறம் அத்தை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுத் தந்தாவ. அப்படிப் படிச்சுப் பாஸானேன். பொம்பளை வெளிநாட்டுல சம்பாதிச்சா ஊருல அவரை மதிக்க மாட்டாங்களாம்.”

லீமாவுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். ஆனால் கோபத்தை வைத்து வழக்கு எழுத முடியாது.

“காயத்தை நீதான கட்டுன? என்ன பாத்த?”

“குண்டு சதையைத்தான் கிழிச்சிட்டுப் போயிருக்கு. எலும்புல படல்ல. ஆனா...”

“ஆனா?”

“சுத்திலும் தோலு கரிஞ்சிருந்துது மேடம். சட்டையும் கருகியிருந்துது. ஒட்டி வச்சுச் சுட்டாத்தான் அப்படி வரும். வாசல்ல நின்னு சுட்டா வராது.”

லீமா நிமிர்ந்தாள்.

ஜன்னலோரம் நின்றவனை வாசலில் நின்று சுட்டதாகச் சொன்னான். தோல் கருகியிருக்கிறது.

பொய்!

அவனே சுட்டுக்கொண்டு, துப்பாக்கியை இருமுடிக்குள் செருகிவிட்டு, பழியை இவள் தலையில் போட்டிருக்கிறான். மனைவி மேல் ஒரு கேஸ். விமானம் போச்சு. அப்புறம் பெரிய மனதோடு மன்னிப்பான். அவள் ஆயுளுக்கும் அடுப்படியில் கிடப்பாள்.

“ஏட்டையா, புடிச்சாச்சு. புருஷன்தான்.”

சுயம்புராஜ் தலையைச் சொறிந்தார்.

“அதுல ஒரு சிக்கல் இருக்கு மேடம்.”

“என்ன சிக்கல்?”

“வெளிய வாங்க. சொல்லுகேன்.”

* * *

பந்தலுக்கு வெளியே, பாயசம் காய்ச்சும் பெண்களின் புகைக்கு நடுவே, ஏட்டு குரலைத் தாழ்த்தினார்.

“மைக்கில அந்த வெடிக்கு என்ன சொன்னாவன்னு ஞாபகம் இருக்கா?”

“அபினா பேரில் வெடி.”

“நட்சத்திரம்?”

“அதெல்லாம் எனக்கு எங்க காதுல ஏறும்? எங்க பூசையில நட்சத்திரமா கேக்காவ?”

“நான் கேட்டேன் மேடம். ‘அபினா, மூலம் நட்சத்திரம்’னு சொன்னாவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.”

“ஏன்?”

“பொம்பளைப் பிள்ளைக்கு மூலம்னா மாமனாருக்கு ஆகாதும்பாவ. அப்படி ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தா மாமனாரு சீக்கிரம் போய்ச் சேந்துருவாராம். மூலத்துல பொறந்த பிள்ளைக்கு மாப்பிள்ளை கெடைக்கதுக்குள்ள பெத்தவன் பாதி கெழவனாயிருவான். எனக்க மூத்தவளும் மூலம்தான். வெளிய மூச்சு விடமாட்டோம். அதை மைக்கு வச்சுச் சொன்னா...”

“நம்புறீங்களா ஏட்டையா?”

“நான் நம்பல்ல மேடம். மாப்பிள்ளை வீட்டுக்காரன் நம்புகானே.”

லீமா யோசித்தாள். உள்ளே போனாள்.

“அபினா, உன் நட்சத்திரம் என்ன?”

“அனுஷம்.” பதில் உடனே வந்தது. ரொம்ப உடனே வந்தது.

“மைக்கில மூலம்னு சொன்னாங்களே?”

அபினாவின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது. கணவன் ரத்த வெள்ளத்தில் கிடந்தபோதுகூட அவள் இப்படி வெளுக்கவில்லை.

“மேடம்... அவிய வீட்டுல சொல்லிராதீங்க.”

“அப்ப மூலம்தானா?”

“ஆமா. வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப் போச்சு. கடைசியில அம்மா ஜோசியர் காலுல விழுந்து அனுஷம்னு மாத்தி எழுதி வாங்குனா. எனக்கும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.”

“உன் புருஷனுக்கு?”

“தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என்னை வீட்டுல கொண்டு விட்டிருப்பாரு.”

லீமாவின் வழக்கு தொப்பென்று விழுந்தது.

வெடி போட்டவர் யாரோ, அவருக்கு உண்மையான நட்சத்திரம் தெரிந்திருக்கிறது. ஸ்ரீஜித்துக்குத் தெரியாது. கவுண்டரில் அவன் சொல்லியிருந்தால் அனுஷம் என்றுதான் சொல்லியிருப்பான்.

“ஏட்டையா, பேரைச் சொல்லி மாட்டிவிட நினைக்கிறவன் நட்சத்திரத்தையாவது மாத்திச் சொல்லக்கூடாதா?”

“எப்படி மேடம் சொல்லுவான்? கொலைகாரனா இருந்தாலும் அம்மன் முன்னால பொய் நட்சத்திரம் சொல்ல நடுங்குவான். அந்த வெடி வேற யாருக்காவது போயிருமே.”

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

“உன் அம்மா எங்க?” லீமா அபினாவிடம் திரும்பினாள்.

“நடக்க முடியாது. சுசீந்திரத்துல வீட்டுல கெடக்கா.”

“அண்ணன்?”

அபினா பதில் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. பந்தல் வாசலில் ஒருவன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றான்.

“நான்தான் அண்ணன். அபிலாஷ். எனக்க தங்கச்சியை எதுக்கு இங்க இருத்தியிருக்கிய?”

“எங்க வேலை?”

“குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்ல. சூப்பர்வைசர்.”

“அங்க பன்னி விரட்டத் துப்பாக்கி இருக்குமோ?”

“இருக்கும். ஏன்?”

சுயம்புராஜ் அவன் தோளில் கை போட்டார். பாசத்தோடு அல்ல.

* * *

“ஸ்ரீஜித்தைச் சுட்டது நீதானலே?”

“நான் சுடணும்னா அவன் இவ புத்தகத்தை எரிச்ச அன்னைக்கே சுட்டிருப்பேன். கொடைக்கு வந்துதான் சுடணுமா?” அபிலாஷ் சிரிக்கவில்லை.

“வெடி வெடிக்கும்போது எங்க நின்ன?”

“அன்னதானப் பந்தியில.”

“யாரு பாத்தா?”

“சாம்பாரு ஊத்துனவன். அவன் எலையைத்தான் பாத்தான். என்னை எங்க பாத்தான்?”

சாட்சி இல்லை. பகை இருக்கிறது. துப்பாக்கிக்கு வழி இருக்கிறது. நட்சத்திரம் தெரியும். சுயம்புராஜுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. விலங்கை எடுத்தார்.

“ஏட்டையா... அவனை விட்டுருங்க.” அபினா எழுந்தாள். “நான்தான் சுட்டேன்.”

“எந்தக் கையால?” லீமா கேட்டாள்.

“வலது... இல்ல, ரெண்டு கையாலயும்.”

“துப்பாக்கியை எங்க வாங்குன?”

“கடையில.”

“எந்தக் கடையில?”

அபினா கோட்டாற்றில் உள்ள கடைகளையெல்லாம் மனதுக்குள் நடந்து பார்த்தாள். துப்பாக்கி விற்கும் கடை ஒன்றும் கிடைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

அபிலாஷ் தங்கையின் தலையில் கை வைத்தான். “லூசா பிள்ளே நீ? நான் ஜெயிலுக்குப் போனா சோறு போடுவான். நீ போனா பிளைட்டு நிக்குமா?”

அப்போதுதான் அவள் அழுதாள். லீமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யூனிபார்மில் இருக்கும்போது கண் கலங்கினால் ஏட்டு ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

“ரெண்டு பேரையும் ஜீப்பில ஏத்துங்க ஏட்டையா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“எதுக்கு மேடம்?”

“ஸ்ரீஜித் முகத்தைப் பாக்கணும். மூலம்னு ஒரு வார்த்தை சொல்லுவேன். அவன் அதிரல்லன்னா அவனுக்கு முன்னமே தெரியும். வெடி போட்டதும் அவன்தான்.”

“அதிர்ந்தான்னா?”

“உங்க விலங்கைப் போடுங்க.”

* * *

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி.

ஸ்ரீஜித் கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் தங்கம்மை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் மாதவன். கையில் சாயா. முகத்தில் குறை.

“இது சாயாவா? கழுநீர் மாதிரி இருக்கு. தங்கம்மை, வேற வாங்கிட்டு வா.”

“இரிங்க. பிள்ளைக்கு ஆரஞ்சு குடுத்துட்டுப் போறேன்.”

“புருஷனா பிள்ளையா உனக்குப் பெரிசு?”

தங்கம்மை அடுத்த சுளையை உரித்தாள். இந்தக் கேள்விக்கு அவள் கல்யாணமான நாளில் இருந்தே பதில் சொல்லாமல் பழகியிருந்தாள்.

டாக்டரிடம் பேசிவிட்டு லீமா உள்ளே வந்தாள். பின்னால் அபினா, அபிலாஷ், சுயம்புராஜ்.

“இவளை ஏன் இங்க கொண்டுவந்திய?” ஸ்ரீஜித் சீறினான்.

“ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தோம் மிஸ்டர் ஸ்ரீஜித். உங்க மனைவி பேர்ல போட்ட வெடிக்கு மைக்கில நட்சத்திரம் சொன்னாங்க. உங்களுக்குக் கேட்டுதா?”

“பேரைத்தான் கேட்டேன்.”

“மூலம்னு சொன்னாங்க.”

லீமா அவன் முகத்தையே பார்த்தாள்.

“மூலமா?” ஸ்ரீஜித் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். காயம் பட்ட கையை ஊன்றியதைக்கூட மறந்துவிட்டான். “அவ அனுஷம்லா! ஏட்டி, மூலமா நீ? பொய் ஜாதகத்தைத் தந்து என் தலையில கெட்டிட்டாங்களா?”

நடிப்பு இல்லை. அக்மார்க் அதிர்ச்சி.

சுயம்புராஜ் பாக்கெட்டில் இருந்து விலங்கை எடுக்கும் சத்தம் கேட்டது. அபினா அண்ணனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மாதவன் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

“மூலமா? அது எனக்குல்லா ஆகாது!” நெஞ்சைத் தடவிப் பார்த்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். “டாக்டரைக் கூப்பிடுங்க. எனக்கு எல்லாத்தையும் செக் பண்ணணும்.”

அறையே அல்லோலகல்லோலம்.

லீமா திரும்பினாள்... நின்றாள்.

ஒரே ஒருத்தி மட்டும் அதிரவில்லை.

தங்கம்மை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரைப் பொறுமையாக எடுத்தாள்.

“அம்மா...” லீமா மெல்ல அருகில் போனாள். “மருமக மூலம்னு சொல்லுகேன். உங்களுக்கு ஒண்ணும் தோணல்லியா?”

“என்ன தோணணும் மக்களே?”

“அம்மா, நீ பேசாம இரி!” ஸ்ரீஜித்தின் குரல் சட்டென்று மாறியது. கெஞ்சலும் மிரட்டலும் சேர்ந்த குரல்.

தங்கம்மை மகனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பெற்ற பிள்ளை. கட்டுப்போட்ட கை. பிறகு மருமகளைப் பார்த்தாள். சேலையில் கடல் உப்பு வெள்ளையாகக் காய்ந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, குற்றவாளி மாதிரி நின்றாள்.

தங்கம்மை ஒரு சுளையை மகனின் வாயில் திணித்தாள்.

“நீ பேசாம இரி மக்கா. இனி நான் பேசுகேன்.”

ஆரஞ்சுத் தோலை ஒதுக்கி வைத்தாள்.

“வெடி போட்டது நான்தான் மேடம். காலையில இவன்தான் சொன்னான். ‘அபினா வெளிநாடு போறாளே, அவ பேர்ல ஒரு வெடி போடும்மா. அவளைக் கடலுக்கு அனுப்பிட்டுப் போய்ப் போடு. அவளுக்குத் தெரியாண்டாம்’னான். என் மவனுக்கு நல்ல புத்தி வந்துட்டுதேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். எண்ணெய் வாங்கப் போறேன்னு இவகிட்ட சொல்லிட்டுக் கவுண்டருக்கு ஓடுனேன்.”

“அப்புறம்?”

“ஆம்புலன்ஸ்ல வரும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டு, வெடி விஷயத்தை ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதன்னு சத்தியம் வாங்குனான். ஏண்டான்னு கேட்டேன். சொல்லல்ல. அப்பமே எனக்கு வெளங்கிப் போச்சு. நான் நேந்து போட்ட வெடியை வச்சு இவன் என்ன வேலை பாத்திருக்கான்னு...”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பெத்த வயிறு கேக்கல்ல மேடம். அதனாலதான் இம்புட்டு நேரமும் பேசாம இருந்தேன். ஆனா இந்தப் பிள்ளை அரிசிப் பானைக்குள்ள புத்தகத்தை வச்சுப் படிச்சவ. இவளை நான் எப்படி ஜெயிலுக்கு அனுப்புவேன்?”

ஸ்ரீஜித்தின் வாயில் சுளை அப்படியே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

லீமா அவன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள்.

“டாக்டர் சொல்லியாச்சு, ஒட்டி வச்சுச் சுட்ட காயம்னு. இந்தக் கையில மருந்து ஒட்டியிருக்கான்னு லேப்ல பாத்துச் சொல்லிருவாங்க. நீங்களே சொல்லிட்டா லேப்காரங்களுக்கு வேலை மிச்சம். துப்பாக்கி யாருக்கது?”

ஸ்ரீஜித் சுளையை விழுங்கினான்.

“குலசேகரத்துல ஒரு கூட்டாளி தந்தான்.”

“பெஞ்சாதியோட இருமுடிக்குள்ள கையை விட்டப்போ பயமா இல்லியா?”

“பயந்தான் மேடம். அவ போனா திரும்பி வரமாட்டான்னு தோணுச்சு... அதான்.”

சுயம்புராஜ் விலங்கை நல்ல கையில் மாட்டி, மறு முனையைக் கட்டில் கம்பியில் மாட்டினார்.

லீமா டி.எஸ்.பி.க்குப் போன் போட்டாள். “சார், சந்தேகம் தீந்துட்டு. நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேண்டி வரல்ல.” பிறகு அபினாவைப் பார்த்தாள். “நீ வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கெட்டு. உன்கிட்ட கேக்க வேண்டியதை இன்னைக்கே கேட்டு எழுதிக்கிடுகேன். நாளைக்கு நீ பிளைட்ல இருக்கணும்.”

அபினா மாமியாரின் தோளில் சாய்ந்தாள். தங்கம்மை அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். சுயம்புராஜும் அழுதார். கண்ணில் தூசி என்றார். ஏ.சி. அறையில் ஏது தூசி?

“ஒரு கேள்வி பாக்கி இருக்கு அம்மா.” லீமா கேட்டாள். “மூலம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஜாதகம் மாத்தி எழுதுன ஜோசியரு எனக்க சித்தப்பா மவன்லா? அன்னைக்கே வந்து சொல்லிட்டான். நான்தான் வாயை மூடுன்னேன். பொண்ணு வீட்டுக்காரங்க பாவம், நம்மளை ஏமாத்திட்டோம்னு பயந்துக்கிட்டே இருக்காவ.”

“அப்ப கவுண்டர்ல அனுஷம்னே சொல்லியிருக்கலாமே?”

“கவுண்டர்ல இருக்கவன்கிட்ட என்ன வேணும்னாலும் சொல்லலாம் மக்களே. மைக்கில சொன்னா அம்மனுக்குல்லா கேக்கும்!”

இவ்வளவு நேரமும் நெஞ்சில் கை வைத்தபடி நின்ற மாதவனுக்கு இப்போதுதான் விஷயம் முழுசாக உறைத்தது.

“ஏட்டி தங்கம்மை...” அவர் குரல் கிறீச்சிட்டது. “அப்ப உனக்கு முன்னமே தெரியுமா? மூலம்னு தெரிஞ்சேவா கெட்டி வச்ச? மாமனாருக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

தங்கம்மை நிதானமாகக் கடைசிச் சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். லீமாவின் பக்கம் திரும்பினாள்.

“தெரியாமலா மேடம் ஊரு ஊரா அலைஞ்சு மூலத்துல பொண்ணு தேடுனேன்? கல்யாணம் முடிஞ்சு வருஷம் நாலாச்சு... இவிய என்னடான்னா, போன மாசம் புதுசா பல்லு கெட்டியிருக்காவ.”